கடந்த காலம் முடிவில்லாததா? பண்டைக் கிரேக்கத் தத்துவம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரிஸ்டாட்டிலைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகிறார்கள். முடிவிலி என்று ஒன்று முழுதாக இருக்கவே முடியாது என்று ஓரிடத்தில் சொல்கிறார். உலகத்துக்குத் தொடக்கமே கிடையாது என்று இன்னோரிடத்தில் சொல்கிறார். இந்த முடிச்சைச் சுற்றித் திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் விடைகள் முன்னவற்றைச் சுட்டுவதால் கேள்விகளுக்கு எண் கொடுத்திருக்கிறோம்.

1. உலகத்துக்குத் தொடக்கம் உண்டா இல்லையான்னு கேட்டா போதாதா? நடுவுல முடிவிலி எங்கிருந்து வந்துச்சு?

தொடக்கம் இல்லை என்று சொன்ன உடனேயே அது வந்துவிடுகிறது. நேற்று, முந்தாநாள் என்று பின்னால் போய்க்கொண்டே இருங்கள். எந்த நாளில் நின்றாலும் அதற்கு முன்னால் ஒரு நாள் இருந்திருக்கிறது. அப்படியானால் இதுவரை கழிந்த நாள்கள் எத்தனை? கோடி என்றாலும் போதாது, கோடி கோடி என்றாலும் போதாது.

இங்கே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கழிந்த நாள்களுக்கு ஓர் எண்ணில் அடங்கும் கணக்கு உண்டா என்பது ஒன்று. அந்த நாள்கள் அத்தனையும் சேர்ந்து முடிவில்லாத ஒரு முழுத்தொகையாக நிற்கின்றனவா என்பது மற்றொன்று. அரிஸ்டாட்டில் இரண்டுக்குமே ‘இல்லை’ என்கிறார். இரண்டாவது ‘இல்லை’யை அவர் சொல்ல முடியுமா என்பதுதான் அவருக்குச் சுமார் 850 ஆண்டுகள் கழித்தும் ஓயாத சண்டை.

2. ஆற்றல்நிலை முடிவிலி, செயல்நிலை முடிவிலி... ரெண்டும் எனக்குக் குழம்புது. ஒரு உதாரணம் சொல்லுங்க.

ஒரு மீட்டர் கயிறு ஒன்றை எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். 50 சென்டிமீட்டர். அதில் பாதி 25, அதில் பாதி 12.5. பத்தாவது வெட்டில் கையில் இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. கத்தரிக்கோல் அங்கே தோற்றுவிடும், ஆனால் நீளம் என்ற அளவில் பார்த்தால் இன்னும் பாதியாக்க இடமிருக்கிறது. எத்தனை வெட்டு வெட்டியிருந்தாலும் வெட்டியவை எண்ணி முடிக்கக்கூடியவைதான். இன்னொரு வெட்டு மட்டும் எப்போதும் பாக்கி இருக்கும். இதுதான் ஆற்றல்நிலை முடிவிலி. முடிவில்லாத துண்டுகள் ஏற்கெனவே வெட்டப்பட்டு, ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் மேசைமேல் கிடந்தால் அது செயல்நிலை முடிவிலி. அப்படியொன்று கிடையாது என்பது அரிஸ்டாட்டிலின் முடிவு. இதையெல்லாம் ‘இயற்பியல்’ மூன்றாம் புத்தகத்தின் 4 முதல் 8 வரையுள்ள அதிகாரங்களில் வாதிடுகிறார்.

பலரும் தவறுவது ‘ஆற்றல்’ என்ற சொல்லில். வெண்கலத்துக்குச் சிலையாகும் ஆற்றல் உண்டு, ஒருநாள் அது சிலையாகவே ஆகிவிடும். முடிவிலி அப்படி ஒருநாள் முழுதாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த எச்சரிக்கையை அவரே கொடுக்கிறார். அவர் காட்டும் ஒப்புமை, ஒரு பகல்பொழுதும் விளையாட்டுப் போட்டிகளும். பகல் முழுவதும் ஒரே நொடியில் இருப்பதில்லை, ஒரு நாழிகை போய் அடுத்த நாழிகை வருகிறது. முடிவிலியும் ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்தான் இருக்கிறது.

3. காலத்துக்குத் தொடக்கம் இல்லைன்னு எதை வச்சுச் சொன்னார்? நம்பிக்கையா, வாதமா?

வாதம்தான். ‘இயற்பியல்’ எட்டாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் இரண்டு வாதங்கள் இருக்கின்றன. முதலாவது அசைவைப் பற்றியது. அசைக்கக்கூடியதும் அசையக்கூடியதும் ஏற்கெனவே இருந்து, அசைவு மட்டும் இல்லாமல் கிடந்தது என்று வைத்துக்கொள்வோம். பிறகு அசைவு தொடங்க ஏதோ ஒன்று மாறியிருக்க வேண்டும்: இரண்டும் நெருங்கியிருக்க வேண்டும், அல்லது தடை விலகியிருக்க வேண்டும். அதுவே ஒரு மாற்றம். ஆகவே ‘முதல் மாற்றம்’ என்று எதைச் சொன்னாலும் அதற்கு முன்னால் ஒரு மாற்றம் வந்து நிற்கிறது.

இரண்டாவது, ‘இப்போது’ என்ற கணத்தைப் பற்றியது. எந்த ‘இப்போது’வும் கழிந்ததன் முடிவு, வரப்போவதன் தொடக்கம். அதாவது அது எப்போதும் நடுவில் நிற்பது. அப்படியானால் முதல் கணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது, அதற்கும் முன்னால் காலம் இருந்தாக வேண்டும். இந்த இரண்டாவது வாதத்தின் ஓட்டையைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

4. கிரேக்கர்கள் எல்லாருமே அப்படித்தானே நினைச்சாங்க?

காலம் பிறக்காதது என்பதில் பிளேட்டோ ஒருவரைத் தவிர எல்லாரும் ஒத்த கருத்தினர் என்று அரிஸ்டாட்டிலே சொல்கிறார். பிளேட்டோவின் ‘டிமேயஸ்’ உரையாடலில் காலம் வானத்தோடு சேர்ந்து உண்டாகிறது, நித்தியத்தின் அசையும் உருவமாக. ஆனால் அதை எழுத்துக்கு எழுத்து எடுக்க வேண்டுமா என்று அவருடைய மாணவர்களே கேட்டார்கள். ஸ்பியூசிப்பஸும் செனோக்ரடீஸும், வடிவியல் ஆசிரியர் படத்தைப் படிப்படியாக வரைந்து காட்டுவதுபோலப் புரியவைப்பதற்காகச் சொன்னது என்றார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த பிளேட்டோ வழியினர் புளூட்டார்க்கும் அட்டிக்கஸும், இல்லை, உலகம் உண்மையாகவே தொடங்கியது என்றுதான் பொருள் என்றார்கள்.

மற்றக் கிரேக்கத் தத்துவவாதிகளிடமும் ஒரே படம் இல்லை. அனக்ஸகோரஸிடம் எல்லாம் முடிவில்லாத காலம் கலந்து அசையாமல் கிடந்து, பின்பு அறிவு வந்து அசைக்கிறது. எம்பெடோக்ளிஸிடம் அன்பும் பகையும் மாறிமாறி ஆள்கின்றன. ஸ்டோயிக்கர்களிடம் உலகம் தீயில் ஒடுங்கி மீண்டும் பிறக்கிறது. எபிகூரஸ் இன்னும் துணிந்தவர். அணுக்கள் எண்ணிக்கையில் முடிவற்றவை, வெட்டவெளி பரப்பில் முடிவற்றது என்று நேராகவே சொன்னார். செயல்நிலை முடிவிலிக்கு அஞ்சாதவர் என்பதால் நம்முடைய சிக்கல் அவரைத் தொடுவதே இல்லை.

5. முடிவிலி முழுசா இருக்க முடியாதுன்னவரே, கடந்த நாள்களுக்குத் தொடக்கம் இல்லைன்னு எப்படிச் சொல்லலாம்? முரண்பாடுதானே?

அவருடைய விடை சுருக்கமானது: போனது நிற்பதில்லை. கயிற்றை வெட்டினால் வெட்டிய துண்டு மேசைமேல் கிடக்கிறது. நாள் அப்படியல்ல, புதிது வரும்போது பழையது இல்லாமல் போய்விடுகிறது. மனிதத் தலைமுறைகளும் அப்படியே, பாட்டன் போய்த்தான் பேரன். ஆகவே எந்தக் கணத்தை எடுத்தாலும், முடிவில்லாத நாள்களோ தலைமுறைகளோ ஒன்றாகச் சேர்ந்து இருப்பதில்லை. செயல்நிலை முடிவிலிக்கு வேண்டியதே அந்தச் ‘சேர்ந்திருத்தல்’தான். அது இல்லாததால் முரண்பாடும் இல்லை.

பரப்புக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. முடிவற்ற பெரும் பொருளின் பாகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். அதனால்தான் அவருடைய அண்டம் இடத்தில் எல்லையுள்ளது, காலத்தில் எல்லையற்றது.

6. வருங்காலம்னா ஒத்துக்கறேன், அது இன்னும் வரல. ஆனா கடந்தது நடந்தே முடிஞ்சுடுச்சே! அது எப்படி ஆற்றல்நிலையில இருக்கும்?

கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான். வருங்காலத்தில் எந்த நாளை எடுத்தாலும், இன்றிலிருந்து அதுவரை எண்ணினால் ஓர் எண்ணில் முடியும். இன்னும் ஒரு நாள் சேர்ந்துகொண்டே இருக்கும், முடிவிலியை எட்டவே எட்டாது. கயிறு வெட்டுவதும் இப்படித்தான். கடந்த காலத்தில் ‘இன்னும் பாக்கி’ என்று ஒன்றுமில்லை. எல்லா நாள்களும் வந்தாகிவிட்டது.

அரிஸ்டாட்டில் தரப்பிலிருந்து சொல்லக்கூடியது: கடந்த காலத்திலும் எந்த நாளை எடுத்தாலும் அதிலிருந்து இன்றுவரை ஓர் எண்ணில் முடியும், பின்னோக்கி எண்ணுகிறவருக்குத்தான் எப்போதும் இன்னொன்று பாக்கி. இது சரிதான். ஆனால் பாக்கி இருப்பது எண்ணுகிறவருக்கு, நாள்களுக்கு அல்ல. இந்த வேறுபாட்டை அவர் எங்கும் நேராக எதிர்கொள்ளவில்லை. எங்கள் பார்வையில் அவருடைய கொள்கையின் மெலிந்த இடம் இது.

7. முடிவில்லாத நாள்களைத் தாண்டி இன்னைக்கு வந்திருக்கவே முடியாதுன்னு ஒரு வாதம் கேள்விப்பட்டேன். யாரோடது?

யோவான் பிலோபோனஸ், ஆறாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிறிஸ்தவர். உலகம் நித்தியமானது என்று பிளேட்டோ வழித் தத்துவவாதி புரோக்ளஸ் தொகுத்திருந்த 18 வாதங்களையும் ஒவ்வொன்றாக மறுத்து கி.பி. 529-இல் ஒரு நூல் எழுதினார். அதன்பின் அரிஸ்டாட்டிலையே எதிர்த்து இன்னொன்று. இரண்டாவது நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. நமக்கு எஞ்சியிருப்பதில் பெரும்பகுதி, அவரைக் கடுமையாக எதிர்த்த சிம்ப்ளிசியஸ், அரிஸ்டாட்டிலுக்குத் தாம் எழுதிய உரையில் மேற்கோள் காட்டி மறுத்ததால் பிழைத்தது. இருவருமே அம்மோனியஸ் என்ற ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள்.

பிலோபோனஸின் வலிமை, அரிஸ்டாட்டிலின் ஆயுதத்தையே எடுத்ததில் இருக்கிறது. முடிவிலியைக் கடந்து முடிக்க முடியாது என்பது அரிஸ்டாட்டில் சொன்னது. சாக்ரடீஸ் பிறக்க அவர் தந்தை பிறந்திருக்க வேண்டும், அதற்கு அவர் தந்தை. இந்தத் தொடர் முடிவற்றது என்றால், அத்தனை பேரும் ஒருவர் விடாமல் பிறந்து முடிந்த பிறகுதான் சாக்ரடீஸ் பிறந்திருக்க முடியும். அது நடக்காத காரியம். சாக்ரடீஸோ பிறந்துவிட்டார். ஆகவே தொடர் எங்கோ தொடங்கியிருக்கிறது.

சிம்ப்ளிசியஸ் பக்கத்து மறுமொழியின் சாரம்: ‘கடப்பது’ என்றால் ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடம் சேர்வது. தொடக்கமே இல்லாத தொடரில் புறப்பட்ட இடம் ஏது? எந்த மூதாதையரைச் சுட்டினாலும் அவரிலிருந்து சாக்ரடீஸ் வரை எண்ணி முடிக்கலாம். ‘முடிவில்லாத தொலைவில் இருக்கும் முதல் நாள்’ என்று மனத்தில் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு அங்கிருந்து நடக்கத் தொடங்குவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தவறு. அப்படியொரு நாளே அந்தத் தொடரில் இல்லை.

8. இது சீனோவோட புதிர்தானே? பாதி தூரம், அதுல பாதின்னு... அதைத்தான் அரிஸ்டாட்டில் தீர்த்துட்டாரே?

உறவு உண்டு, ஆனால் அந்தத் தீர்வு இங்கே முழுதாகப் பொருந்தாது. ஓடுகிறவன் இலக்கைச் சேர முதலில் பாதி தூரம், பிறகு மிச்சத்தில் பாதி என்று முடிவில்லாத பாதிகளைக் கடக்க வேண்டும், ஆகவே சேரவே முடியாது என்பது சீனோவின் புதிர். சீனோவுக்கு அவர் இரண்டு விடைகள் சொன்னார். தூரம் எப்படிப் பிளக்குமோ அப்படியே நேரமும் பிளக்கும் என்பது முதல் விடை. அடுத்தடுத்த பாதிகளுக்கு அடுத்தடுத்த பாதி நேரம் போதும், மொத்தம் எல்லைக்குள் முடியும். நாள்களும் தலைமுறைகளும் அப்படிச் சுருங்கிக்கொண்டே போவதில்லை, எனவே இந்த விடை உதவாது.

இரண்டாவது விடை ஆழமானது. ஓடுகிறவன் பாதிப் புள்ளிகளில் நிற்பதில்லை, ஆகவே அவை ஆற்றல்நிலையில் மட்டுமே இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் நின்று எண்ணினால்தான் அவை செயல்நிலைக்கு வரும், வந்தால் கடக்கவே முடியாது. இதை வானத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வானத்தின் சுழற்சி எங்கும் நிற்காத ஒரே தொடர் அசைவு. ‘நாள்’ என்பது நாம் அதில் போடும் கோடு. ஆகவே கழிந்த சுழற்சிகள் தனித்தனி உருப்படிகளே அல்ல என்று வாதிட இடமிருக்கிறது. தலைமுறைகளுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தந்தை வேறு, மகன் வேறு, யாரும் கோடு போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. பிலோபோனஸ் சாக்ரடீஸை எடுத்துக்காட்டாக்கியது தற்செயலாக இருக்கட்டும், திட்டமாக இருக்கட்டும், சரியான இடத்தில் அடித்திருக்கிறார்.

9. சனி, சந்திரன்னு ஏதோ கோள் கணக்கு வருமே, அது என்ன?

அதுவும் பிலோபோனஸுடையதுதான். பூமியை நடுவில் வைத்து எல்லாம் அதைச் சுற்றுவதாகக் கொண்ட அன்றைய வானியலில், சனி ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய 30 ஆண்டு. அதற்குள் சூரியன் 30 சுற்று, சந்திரன் ஆண்டுக்குப் பன்னிரண்டு என்று எடுத்தாலே 360 சுற்று. விண்மீன் வானம் நாளுக்கு ஒருமுறை சுழல்வதால் பத்தாயிரத்துக்கும் மேல் (30 × 365 = 10,950). தொடக்கமில்லாத காலத்தில் சனியின் சுற்றுகளே முடிவற்றவை. அப்படியானால் சந்திரனுடையவை முடிவிலியைப்போல் 360 மடங்கு, விண்மீன் வானத்தினுடையவை பத்தாயிரம் மடங்குக்கு மேல். முடிவிலியைவிடப் பெரிய முடிவிலி ஏது என்று கேட்டார்.

இதற்கு இன்னொரு சிறு வடிவமும் உண்டு. சாக்ரடீஸ் வரை பிறந்தவர்கள் முடிவற்றவர்கள் என்றால், அவருக்குப் பின் பிறந்தவர்களையும் கூட்டினால் முடிவிலி வளர்ந்துவிடாதா? சிம்ப்ளிசியஸ் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறார், 5-ஆம் விடையில் சொன்னது: சேர்ந்து நிற்காதவற்றை ஒரு தொகையாக்கிப் பெருக்கவும் கூட்டவும் முடியாது.

10. கான்டர் வந்த பிறகு இந்தக் கோள் வாதம் செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே?

ஒரு பகுதி, ஆம். சனியின் ஒவ்வொரு சுற்றுக்கும் சந்திரனின் ஒரு சுற்றை ஜோடி சேர்த்துக்கொண்டே போனால் எந்தப் பக்கமும் மிச்சம் விழாது. ஜோடி சேர்ந்தால் சமம் என்பது கணிதவியலாளர் கியோர்க் கான்டர் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல். பிலோபோனஸ் நின்றிருந்த தரையோ, முழுமை பகுதியைவிடப் பெரியது என்று யூக்ளிட் பொது உண்மையாக வைத்தது. அந்தத் தரை முடிவிலித் தொகைகளுக்குப் பொருந்தாது என்று இன்று ஏற்கிறோம்.

ஆனால் இதனால் அரிஸ்டாட்டில் வென்றுவிடவில்லை. கான்டரின் விடை, செயல்நிலை முடிவிலி உண்டு என்று ஒப்புக்கொண்டு கொடுக்கும் விடை. அதை எடுத்துக்கொண்டால் முரண்பாடு போகிறது, கூடவே அரிஸ்டாட்டிலின் தடையும் போகிறது. அவருக்கு இந்த மருந்து சேராது.

11. “போனது இல்லை, அதனால தொகையும் இல்லை”ங்கறது நழுவற மாதிரி இருக்கே?

நழுவலா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை. பால்காரர் ஊற்றும்போதெல்லாம் சுவரில் கரிக்கோடு இழுத்துவைக்கும் பழைய வழக்கம் தெரிந்திருக்கும். பால் குடித்துத் தீர்ந்துவிடும், கோடு நிற்கும். தொடக்கமில்லாத உலகில் நாளுக்கு ஒரு கோடு, ஒன்றும் அழியாமல், எப்போதும் இழுக்கப்பட்டு வந்திருந்தால், இன்று அந்தச் சுவரில் முடிவில்லாத கோடுகள் ஒன்றாக நிற்கும். அது செயல்நிலை முடிவிலியேதான்.

அப்படியொரு சுவர் இருக்க முடியாது என்று அரிஸ்டாட்டில் சொல்லலாம். அண்டம் எல்லையுள்ளது, வானத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் அழியக்கூடியது, என்றும் நிற்கும் சுவரும் இல்லை, கரியும் இல்லை. அவருடைய இயற்பியலுக்குள் இது நல்ல விடை. ஆனால் கவனியுங்கள், முடிவிலியைத் தடுத்தது காலத்தின் இயல்பு அல்ல, சுவர் கிடைக்காததுதான். கோடு இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் கழிந்த நாள்கள் அவைதாமே. ஆகவே சிம்ப்ளிசியஸின் பதில், முடிவற்றவை இன்று சேர்ந்து இருக்கின்றன என்ற குற்றச்சாட்டை வீழ்த்துகிறது. முடிவற்றவை நடந்து முடிந்திருக்கின்றன என்ற குற்றச்சாட்டை அது தொடவில்லை.

12. உடம்பு அழியும், ஆத்மா அழியாதுன்னா? அந்த ஆத்மாக்கள் எல்லாம் சேர்ந்து நிக்குமே?

ஆம், அழியாத கோடுகள் என்றால் அவைதான். ஒவ்வொருவருக்கும் புதிய ஆன்மா, அது அழியாது, மனிதர் என்றும் இருந்திருக்கிறார்கள் என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் இன்று முடிவில்லாத ஆன்மாக்கள் இருந்தாக வேண்டும். பிளேட்டோ வழியினர் இதிலிருந்து மறுபிறவியால் தப்பினார்கள். ஆன்மாக்களின் எண்ணிக்கை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்று ‘குடியரசு’ பத்தாம் புத்தகத்தில் வருகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டுத் தத்துவ எழுத்தாளர் சலூஸ்டியஸ், மறுபிறவி இல்லாவிட்டால் ஆன்மாக்கள் முடிவற்றவையாக இருக்க வேண்டும், அல்லது கடவுள் ஓயாமல் படைத்துக்கொண்டே இருக்க வேண்டும், எல்லையுள்ள உலகில் இரண்டும் ஆகாது என்று இதையே மறுபிறவிக்குச் சான்றாக்கினார்.

13. முதல் அசைப்பான்னு ஒண்ணு இருக்குன்னு அரிஸ்டாட்டில் சொல்றாரே. அப்போ தொடக்கம் வந்துடுச்சே?

‘முதல்’ என்பது அங்கே கால வரிசையில் முதல் அல்ல. கல்லைக் கழி அசைக்கிறது, கழியைக் கை அசைக்கிறது, கையை மனிதன் அசைக்கிறான். நான்கும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. ஒரே நேரத்தில் இருக்கும் தொடர் முடிவற்றுப் போகக்கூடாது என்பதுதான் அவருடைய வாதம். தந்தை, பாட்டன் என்று காலத்தில் நீளும் தொடர் அதில் சேராது. தான் அசையாமலே மற்றதை அசைக்கும் அந்த முதல் அசைப்பான் ஒரு நாள் எழுந்து உலகத்தைத் தள்ளிவிட்டதில்லை, என்றும் அசைத்துக்கொண்டிருக்கிறது.

14. உலகம் எப்பவும் இருந்துச்சுன்னா, நம்ம வரலாறு ஏன் சில ஆயிரம் வருஷத்துல நின்னுடுது?

இதை லத்தீனில் எழுதிய எபிகூரஸ் வழியினரான லுக்ரீஷியஸ் கேட்டார்: தீப்ஸ் போருக்கும் ட்ரோய் வீழ்ச்சிக்கும் முந்தைய செயல்களை ஏன் எந்தக் கவிஞரும் பாடவில்லை? அரிஸ்டாட்டில் பக்கத்தில் விடை ஏற்கெனவே இருந்தது. நெடுங்காலச் சுழற்சியில் பெருமழையும் வெள்ளமும் வரும், நீர் இருந்த இடம் நிலமாகும், நிலம் நீராகும், கலைகள் தோன்றி அழிந்து மீண்டும் தோன்றும்.

இப்படித் திரும்ப வருவதைப் பற்றி அவர் ஆளும் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரே கருத்துகள் மனிதரிடம் ஒருமுறை, இருமுறை, சிலமுறை அல்ல, முடிவில்லாத முறை திரும்ப வந்திருக்கின்றன என்கிறார். ‘அபெய்ராகிஸ்’ என்பது கிரேக்கச் சொல். எண்ணிலடங்காத முறை என்ற பேச்சுவழக்காக அதை எடுத்துக்கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் எடுத்தால், நடந்து முடிந்தவற்றுக்கு முடிவிலியைத் தம் வாயாலேயே அவர் சேர்த்துவிடுகிறார். 6-ஆம் கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

15. சரி, காலம் தொடங்குச்சுன்னே வச்சுக்குவோம். அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சு? முன்னாடின்னாலே காலம்தானே?

3-ஆம் விடையில் பார்த்த இரண்டாவது வாதம் இந்த உணர்வில்தான் பிழைத்திருக்கிறது. புரோக்ளஸும் இதே கேள்வியைக் கேட்டார். காலம் இல்லாத ‘காலத்தை’ நாம் சொல்லவில்லை, மொழியில் வேறு வினைவடிவம் இல்லாததால் ‘இருந்தது’, ‘முன்னால்’ என்ற சொற்களை ஆள்கிறோம், அவ்வளவே என்பது பிலோபோனஸின் மறுமொழியின் போக்கு.

நேராகப் பார்த்தால், அந்த வாதம் நிரூபிக்க வேண்டியதையே எடுத்துக்கொண்டு தொடங்குகிறது. ‘இப்போது’வைக் கோட்டின் மேலுள்ள புள்ளிக்கு அரிஸ்டாட்டிலே ஒப்பிடுகிறார். கோட்டின் நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் கோடு உண்டு. நுனிப்புள்ளிக்கு ஒரு பக்கம் மட்டுமே. எல்லா ‘இப்போது’வும் நடுப்புள்ளி என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவருக்குத்தான் முதல் கணம் முரண்பாடாகத் தெரியும். காலத்துக்கு நுனியே இருக்க முடியாது என்பதற்கு அவருக்கு வேறு வாதம் வேண்டும், அது அசைவு பற்றிய முதல் வாதம்தான். அதுவும் அசைப்பதும் அசைவதும் ஏற்கெனவே கிடந்தன என்று வைத்துக்கொண்டவருக்கு எதிராக நன்றாக நிற்கிறது. எல்லாமே காலத்தோடு சேர்ந்து உண்டாயின என்பவருக்கு, உண்டாவதும் ஒரு மாற்றமே, அதற்கும் முன்னொரு மாற்றம் வேண்டும் என்கிறார். உண்டாவது எல்லாம் ஏற்கெனவே இருக்கும் ஒன்றிலிருந்தே உண்டாகும் என்று ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். பிலோபோனஸ் ஒப்புக்கொள்ள மறுத்தது சரியாக அதைத்தான்.